எண்பது டிகிரி என்றால் எங்கே எண்பது?

2001 செப்டம்பரில் ‘டாம்ஸ் ஹார்டுவேர்’ என்ற இணைய இதழ் ஒரு சின்ன வீடியோவை வெளியிட்டது. கணினியில் ‘குவேக் 3’ விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கை வந்து பிராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் ஹீட் சிங்க்கைக் கழற்றி எடுத்துவிடும். அவ்வளவுதான் கதை. பென்டியம் 4 விளையாட்டைக் கைவிடவில்லை. படம் நொண்டி நொண்டி நகர்ந்தது, ஹீட் சிங்க்கைத் திரும்ப வைத்ததும் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. பென்டியம் 3 அப்படியே உறைந்து நின்றது, ஆனால் சாகவில்லை. ஏ.எம்.டி.யின் அத்லான் இரண்டும் புகைந்து செத்தன.

அன்று ‘பிராசஸர் எத்தனை டிகிரி வரை தாங்கும்?’ என்பது உயிர் போகும் கேள்வி. இன்றும் அதைக் கேட்பவர்கள் குறையவில்லை. ஆனால் கேள்வியின் பொருள் மாறிவிட்டது. 2022-இல் வந்த ரைசன் 7000 வரிசையின் பெரிய பிராசஸர்கள் கடும் வேலையின்போது 95 டிகிரியைத் தொடுவது கோளாறு அல்ல, வடிவமைத்ததே அப்படித்தான் என்று ஏ.எம்.டி. வெளிப்படையாகச் சொன்னது. இன்டெலின் கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கு உச்ச வரம்பு 105 டிகிரி. தண்ணீர் கொதிக்கும் நிலைக்கு மேலே. பழைய மெக்கானிக் ‘அறுபதைத் தாண்டினாலே பேஸ்ட் மாத்தணும் சார்’ என்பார். புதிய ஆவணம் 95-ஐப் பார்த்துப் பதறாதே என்கிறது. இருவருமே பொய் சொல்லவில்லை. இருவர் வாயிலும் வரும் ‘டிகிரி’ ஒன்றல்ல என்பதில்தான் சிக்கல்.

வெப்பம் எப்படிப் பிறக்கிறது என்பதில் மர்மம் ஏதும் கிடையாது. பிராசஸருக்குள் இருக்கும் பல கோடி டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் துளி மின்னேற்றம் நிரம்பி வடிகிறது. அதற்காகும் மின்சாரம் கடிகார வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும்; வோல்டேஜுக்கோ வர்க்க விகிதத்தில் ஏறும். வோல்டேஜை 10 சதவீதம் கூட்டினால் இந்தச் செலவு 21 சதவீதம் கூடிவிடும். இது போக, டிரான்சிஸ்டர் அணைந்திருக்கும்போதும் கசியும் மின்னோட்டம் ஒன்று உண்டு. சூடு ஏற ஏறக் கசிவு கூடும், கசிவு கூடக் கூடச் சூடும் ஏறும். உள்ளே போகும் வாட் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். போட்டு முடித்த கணக்கின் விடைக்கென்று ஆற்றல் எதுவும் தனியாகப் போய்த் தங்குவதில்லை.

நூறு வாட் என்பது கேட்பதற்குப் பெரிதாக இல்லை. பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. ஆனால் அது எத்தனை இடத்தில் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர் இருக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். துணியைப் பொசுக்க அதுவே போதும். 2004-இல் வந்த ‘பிரெஸ்காட்’ ரக பென்டியம் 4-இன் சிலிக்கான் 112 சதுர மில்லிமீட்டர், கட்டைவிரல் நகம் அளவு. அதன் வெப்பக் கணக்கு 103 வாட், வேகமான மாடல்களில் 115 வாட். சதுர சென்டிமீட்டருக்கு 90 வாட்டுக்கு மேல். இஸ்திரிப் பெட்டியைப் போலப் பதினெட்டு மடங்கு அடர்த்தி.

டிரான்சிஸ்டர் சின்னதாகும்போது வோல்டேஜும் கூடவே குறையும், அதனால் ஒரே பரப்பில் எத்தனை திணித்தாலும் சூடு ஏறாது என்பதுதான் அதுவரை துறையைத் தாங்கிய நம்பிக்கை. 1974-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிய கணக்கு அது. முப்பது ஆண்டுகள் போல உழைத்துக்கொடுத்துவிட்டு, கசிவு மின்னோட்டத்தில் கால் வழுக்கி விழுந்தது. இன்டெலின் பாட் கெல்சிங்கர் 2001-ஆம் ஆண்டிலேயே ஒரு பொறியாளர் மாநாட்டில் எச்சரித்திருந்தார்: இதே போக்கில் போனால் சிப்பின் வெப்ப அடர்த்தி முதலில் அணு உலையை எட்டும், பிறகு ராக்கெட்டின் வாயை, பிறகு சூரியனின் மேற்பரப்பை. 2004 மே மாதம் இன்டெல் பிரெஸ்காட்டுக்கு அடுத்து வரவிருந்த ‘டேஜாஸ்’ திட்டத்தைக் கைவிட்டது. அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-உம் ரத்தானது. அன்றைய தலைமைச் செயல் அதிகாரி கிரெய்க் பாரெட் ஒரு மாநாட்டு மேடையில் விளையாட்டாக மண்டியிட்டு அதற்கு மன்னிப்புக் கேட்டார். வேகத்தைக் கூட்டும் பந்தயம் நின்று, கோர்களின் எண்ணிக்கையைக் கூட்டும் பந்தயம் தொடங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்றைய குழப்பத்தின் வேர். முன்பெல்லாம் பிராசஸருக்கு ஒரு நிலையான வேகம், அந்த வேகத்தில் ஒரு சூடு, அதற்கு மேலே அபாயக் கோடு. சூட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே இடைவெளி கிடக்கும். அந்த இடைவெளி வீணாகக் கிடப்பானேன் என்று கேட்டதுதான் டர்போ. 2008-இல் இன்டெலின் நெஹாலம் தலைமுறையோடு மேசைக்கணினிக்கு வந்த இந்த உத்தி, வெப்பம், மின்சாரம், வோல்டேஜ் மூன்றிலும் இடம் இருக்கும்வரை வேகத்தை ஏற்றிப் பார்க்கும். அது முற்றிப் பழுத்த வடிவம் ரைசன் 7000. ரைசன் 9 7950எக்ஸ், 230 வாட் வரை இழுத்துக்கொண்டு 95 டிகிரி வரை ஏறும். அங்கே நின்றபடி, வரம்பைத் தாண்டாமல் எத்தனை வேகம் சாத்தியமோ அத்தனை வேகத்தில் ஓடும். நல்ல கூலர் மாட்டினாலும் 95, சுமாரான கூலர் மாட்டினாலும் 95. வித்தியாசம் டிகிரியில் தெரியாது, மெகாஹெர்ட்ஸில்தான் தெரியும். ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கூலர் வாங்கியவர் எண் குறையவில்லையே என்று தலையில் கை வைப்பது இதனால்தான். அவர் வாங்கியது குளிர்ச்சியை அல்ல, வேகத்தை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே பேசிவிடலாம். பெட்டியில் அச்சடித்திருக்கும் வாட் கணக்கு உச்சச் செலவு அல்ல. கோர் ஐ9-13900கே பெட்டியில் 125 வாட் என்றிருக்கும். டர்போவில் இன்டெல் அனுமதிப்பது 253 வாட். அந்த வரம்பையும் தளர்த்தி, 4,096 வாட் என்று பயாஸில் எழுதிவைத்த மதர்போர்டுகள் சந்தையில் நிறைய. வரம்பே இல்லை என்பதைச் சொல்லும் வழி அது. இப்படிப்பட்ட போர்டில் 100 டிகிரி வந்தால் கூலரைக் குறை சொல்வதற்கு முன் பயாஸைத் திறந்து பார்ப்பது நல்லது.

சரி, அந்த எண்ணை அளப்பது யார்? சிலிக்கான் டயோடு ஒன்றில் மாறாத சிறு மின்னோட்டத்தைச் செலுத்தினால், சூடு ஒரு டிகிரி ஏறும்போது அதன் குறுக்கே உள்ள வோல்டேஜ் 2 மில்லிவோல்ட் அளவில் இறங்கும். பிராசஸர் வெப்பமானிகள் பலவற்றின் அடிப்படை இவ்வளவுதான். கேள்வி, அளக்கும் உறுப்பு எங்கே இருக்கிறது என்பது. அத்லான் காலத்து மதர்போர்டுகள் பலவற்றில் சாக்கெட்டுக்கு நடுவே, பிராசஸரின் வயிற்றுக்குக் கீழே, ஒரு தெர்மிஸ்டர் நீட்டிக்கொண்டிருக்கும். அது பிராசஸரைத் தொடுகிறதா, காற்றைத் தொடுகிறதா என்பது போர்டுக்குப் போர்டு மாறும். உள்ளே சிலிக்கான் கொதித்துக் கருகினாலும் சேதி அங்கே வந்து சேரும்போது காரியம் முடிந்திருக்கும். மெக்கானிக்குகளின் ‘அறுபது’ அந்தக் காலத்து எண்.

பிராசஸரை மூடியிருக்கும் உலோக மூடியின் நடுப்புள்ளியை அளப்பது இன்னொரு முறை. 2007 வாக்கில் எல்லார் மேசையிலும் இருந்த கோர் 2 குவாட் கியூ6600-இன் பிற்காலப் பதிப்புக்கு இன்டெல் கொடுத்த வரம்பு 71 டிகிரி. அது மூடியின் சூடு. உள்ளே கோரின் சூடு அதைவிடப் பல டிகிரி கூடுதலாகவே இருக்கும். இன்டெல் ஆவணத்தில் 71 என்று படித்துவிட்டு, மென்பொருளில் 75 என்று பார்த்து, கணினியை அணைத்துவிட்டு உட்கார்ந்தவர்கள் அன்று ஏராளம். ஒருவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்த சூட்டை இன்னொருவர் நாக்கின் அடியில் வைத்த வெப்பமானியோடு ஒப்பிட்ட கதை.

மூன்றாவது முறைதான் இன்று எங்கும் இருப்பது: ஒவ்வொரு கோருக்குள்ளும் பதிந்திருக்கும் டிஜிட்டல் சென்சார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்டெலின் சென்சார் ‘இப்போது 62 டிகிரி’ என்று சொல்வதே இல்லை. ‘வரம்புக்கு இன்னும் 38 டிகிரி இருக்கிறது’ என்று மட்டும்தான் சொல்லும். வரம்பு 100 என்று தெரிந்தால், நூறிலிருந்து 38-ஐக் கழித்து 62 என்று திரையில் காட்டுவது மென்பொருளின் வேலை. வரம்பு தெரியாவிட்டால்? கோர் 2 காலத்தில் அதுதான் நடந்தது. மேசைக்கணினிப் பிராசஸர்களின் வரம்பை இன்டெல் வெளியிட்டிருக்கவில்லை. ஆகவே ஈ8400 என்ற ஒரே சிப்பை ‘கோர் டெம்ப்’ 105 என்ற ஊகத்தில் கணக்கிட, ‘ரியல் டெம்ப்’ 95 என்ற ஊகத்தில் கணக்கிட்டது. ஒரே கணினி, ஒரே நொடி, இரண்டு மென்பொருள், நடுவே பத்து டிகிரி. 2008-இல் இன்டெல் தன் மாநாட்டில் எண்களை வெளியிட்டபோது அந்தச் சிப்புக்குச் சொன்னது 100. இரண்டு பேரும் ஐந்தைந்து டிகிரி தவறு. நெஹாலம் முதல் இந்த வரம்பைச் சிப்புக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டார்கள், சண்டை தீர்ந்தது.

சென்சார் தன் கூர்மையை வைத்திருப்பதும் வரம்பின் பக்கத்தில்தான். அதன் வேலை நெருப்பு மணி அடிப்பது, காய்ச்சல் பார்ப்பது அல்ல. 95-இல் அது சொல்வதை நம்பலாம். 32-இல் சொல்வதை அவ்வளவாக நம்ப வேண்டாம். ஈ8400 சிப்புகள் சிலவற்றில் சென்சார் நாற்பது சொச்சத்துக்குக் கீழே இறங்காமல் ஒட்டிக்கொண்டே நின்றதும் உண்டு. ‘சும்மா இருக்கும்போது என் கணினி 34, அவருடையது 31’ என்று மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொள்வது நேரத்தைக் கொல்லும் வேலை.

ஏ.எம்.டி. ஒரு படி மேலே போய் உண்மையைப் போட்டுடைத்தது. அதன் ‘டிசிடிஎல்’ என்ற அளவு, ஏதோ ஓர் இடத்தின் நிஜமான வெப்பநிலை அல்ல, ஃபேனை எவ்வளவு வேகமாகச் சுழற்ற வேண்டும் என்று முடிவெடுக்கத் தரும் ஓர் அளவுகோல் என்று ஃபீனம் காலத்து ஆவணங்களிலேயே எழுதியிருக்கிறது. டிகிரி என்று பேர், டிகிரி இல்லை. அதனால்தான் எஃப்எக்ஸ் பிராசஸர் வைத்திருந்த சிலருக்கு அறை 30 டிகிரியில் இருக்கும்போது பிராசஸர் 15 டிகிரி என்று திரை காட்டியது. காற்றால் குளிரும் எந்தப் பொருளும் அந்தக் காற்றைவிடக் குளிர முடியாது. ஆக அது அளவு அல்ல என்பது பார்த்த கணத்திலேயே தெரிந்துவிடும். 2017-இல் ரைசன் வந்தபோது இதே கூத்து எதிர்த்திசையில் நடந்தது. 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டும் நிஜ வெப்பத்தோடு 20 டிகிரி சேர்த்துச் சொல்லும். எல்லா மாடலுக்கும் ஒரே மாதிரியான ஃபேன் கணக்கு அமைய வேண்டும் என்பதற்காக ஏ.எம்.டி. செய்த ஏற்பாடு அது. 2700எக்ஸில் சேர்க்கை 10. விவரம் தெரியாத மென்பொருள் அப்படியே காட்டியது. வாங்கிய மூன்றாம் நாளே கூலரை மாற்றியவர்கள் இருந்தார்கள்.

2019-இல் ரைசன் 3000 வரிசையில் வந்த புகார் இன்னும் சுவையானது. எந்த வேலையும் இல்லாதபோதும் வோல்டேஜும் சூடும் குதிக்கின்றன என்றார்கள். ஏ.எம்.டி. ஆராய்ந்து சொன்ன காரணங்களில் ஒன்று, கண்காணிப்பு மென்பொருளே. தூங்கும் கோரின் நிலையை அறிய அதை நொடிக்குப் பலமுறை எழுப்பினால் அது விழித்து, வேகம் பிடித்து, சூடாகிப் பதில் சொல்லும். தூங்குகிறாயா என்று உலுக்கி உலுக்கிக் கேட்டுவிட்டு, பிள்ளை தூங்கவே மாட்டேனென்கிறது என்று புலம்புவதைப் போல.

பார்ப்பதற்கான வழிகளில் பலர் முதலில் போவது பயாஸுக்கு. அங்கே 50, 55 என்று இருந்தால் மிரள வேண்டியதில்லை. விண்டோஸ் வேலையில்லாத கோர்களை உறங்க வைக்கும். பயாஸ் திரை பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. சும்மா இருப்பதாகத் தோன்றும் பிராசஸர் அங்கே விழித்துக்கொண்டுதான் நிற்கிறது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் கிராபிக்ஸ் கார்டின் சூட்டைக் காட்டும், பிராசஸர் சூட்டைக் காட்டாது. ‘எச்டபிள்யூ இன்ஃபோ’, ‘கோர் டெம்ப்’, ‘லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர்’ போன்றவற்றை நிறுவித்தான் ஆக வேண்டும். சிப்பின் உள்பதிவேடுகளைப் படிக்க இயங்குதளத்தின் அடித்தள அனுமதி தேவை. அதற்காக இவை ஒரு டிரைவரையும் கூட்டி வருகின்றன. இப்படிப் பல கருவிகள் பகிர்ந்துகொண்ட ‘வின்ரிங்0’ என்ற டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் 2025-இல் விண்டோஸின் காவல் மென்பொருள் அதைத் தடுக்கத் தொடங்கியது. கருவியை அதை உருவாக்கியவர்களிடமிருந்தே, புதிய பதிப்பாக எடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. லினக்ஸ்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு: ‘சென்சார்ஸ்’ என்று ஒரு கட்டளை, வேலை முடிந்தது.

திரையில் எண்கள் வரிசை கட்டி நிற்கும்போது எதைப் படிப்பது என்பது அடுத்த கேள்வி. ‘கோர்’, ‘சிபியூ பேக்கேஜ்’, ஏ.எம்.டி.யில் ‘டிசிடிஎல்’ அல்லது ‘டிடை’ என்பவை பிராசஸர் சொல்பவை. ‘சிஸ்டின்’, ‘ஆக்ஸ்டின்’ என்ற பெயர்கள் மதர்போர்டின் சென்சார் சிப்பிலிருந்து வருபவை. அந்தச் சிப்பில் பல கால்கள் இருக்கும். போர்டு தயாரித்தவர் அத்தனையிலும் சென்சார் மாட்டியிருக்க மாட்டார். எதுவும் மாட்டாத கால், வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும். அடிக்கடி தென்படுவது 127. எட்டு பிட்டில், குறியோடு, எழுதக்கூடிய மிகப் பெரிய எண் அது. கணினிக்குள் ஏதோ 127 டிகிரியில் எரிகிறது என்று அலறி வருகிறவர்களுக்கு உண்மையில் எரிவது எதுவும் இல்லை.

ஒழுங்காகச் சோதிக்க விரும்புகிறவருக்குத் தேவை அரை மணி நேரமும் ஒரு சாதாரணச் சுவர் வெப்பமானியும். முதலில் அறையின் சூட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். கணினியைப் பத்து நிமிடம் சும்மா விட்டுப் பார்க்க வேண்டும். பிறகு ‘சினிபெஞ்ச்’ போன்ற ஒன்றைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நான்கு எண்களைச் சேர்த்து எழுத வேண்டும்: டிகிரி, வாட், கிகாஹெர்ட்ஸ், ஃபேனின் சுழற்சி. டிகிரியை மட்டும் எழுதுவது பாதிக் கதை. 90 டிகிரியில் 230 வாட்டை விழுங்கும் பிராசஸர் ஆரோக்கியமானது. 90 டிகிரியில் 60 வாட்டுக்கே மூச்சுத் திணறுவது நோயாளி. ‘தெர்மல் திராட்லிங்’ என்ற வரியில் ‘யெஸ்’ விழுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பகா எண்களைத் தேட 1996-இல் தொடங்கிய திட்டத்தின் ‘பிரைம்95’ இன்னும் கடுமையான சோதனை; அதன் சிறிய எஃப்எஃப்டி தேர்வு பிராசஸரைப் பிழிந்து எடுத்துவிடும். ஆனால் விளையாட்டோ வீடியோ எடிட்டிங்கோ அந்தச் சூட்டை எட்டுவது அரிது. பிரைம்95-இல் வரம்பைத் தொட்டதற்காக யாரும் கூலர் வாங்க ஓட வேண்டாம்.

எண்ணைவிட அது ஏறும் விதம் நிறையச் சொல்லும். சோதனை தொடங்கிய இரண்டே நொடியில் 45-இலிருந்து 95-க்குத் தாவி, வாட் கணக்கும் குறைவாக இருந்தால், ஹீட் சிங்க் பிராசஸரைச் சரியாகத் தொடவில்லை. அப்போது ஹீட் சிங்க்கைத் தொட்டுப் பார்த்தால் குளிர்ந்தே இருக்கும். சிலிக்கான் தகிக்க, மேலே அலுமினியம் ஜில்லென்றிருப்பது மெக்கானிக்குகளுக்குக் கைகண்ட அறிகுறி. எல்ஜிஏ 775 சாக்கெட் காலத்திலிருந்து 1700 வரை இன்டெல் பெட்டியோடு கொடுத்த கூலர்களின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று போர்டில் முழுதாக இறங்கியிருக்காது. காற்றின் வெப்பக் கடத்துதிறன் 0.026, தாமிரத்தினுடையது ஏறத்தாழ 400. முடியளவு காற்று இடுக்கு அத்தனை பெரிய தாமிரத்தையும் வெட்டியாக்கிவிடும். அந்த இடுக்கை அடைப்பதற்குத்தான் பேஸ்ட். அதைப் பட்டாணி அளவு வைப்பதா, பெருக்கல் குறி போடுவதா என்று நடக்கும் வாதங்கள் ஓரிரு டிகிரிக்கானவை. நான்கு ஊசியும் இறங்கியதா என்பது முப்பது டிகிரி விவகாரம்.

தாவாமல், பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் கூலர் வேலை செய்கிறது, கேபினெட்டுக்குள் காற்றுதான் போக வழியில்லை. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டினால் குட்டு வெளிப்படும். ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் குற்றவாளி கேபினெட். நம் வீட்டுக் கணினி மேசைகளில் கேபினெட்டுக்கென்று மூன்று பக்கமும் மரப்பலகை அடைத்த ஒரு பொந்து இருக்குமே, அதில் தள்ளி வைத்த கணினி தான் கக்கிய சூட்டையே திரும்ப மூச்சிழுத்துக்கொண்டிருக்கும். போன வருடம் 75, இந்த வருடம் 88 என்றால் தூசியோ காய்ந்த பேஸ்ட்டோ. வேலையே இல்லாமல் 70, 80 என்றால் ஃபேன் நின்றிருக்கிறது, அல்லது நீர்க்குளிர்ப்பியின் பம்ப் செத்திருக்கிறது. பம்ப் போனது வெளியே தெரியாது. ரேடியேட்டரின் ஃபேன்கள் வழக்கம்போல வண்ண விளக்கோடு சுழன்றுகொண்டேதான் இருக்கும்.

சில நேரம் குறை வாங்கியவரிடமும் இல்லை, மாட்டியவரிடமும் இல்லை. 2012-இல் இன்டெல் ஐவி பிரிட்ஜ் தலைமுறையில் சிலிக்கானுக்கும் மூடிக்கும் நடுவே இருந்த உலோகப் பற்றவைப்பை எடுத்துவிட்டுப் பேஸ்ட் வைத்தது. ஆர்வலர்கள் பிளேடால் மூடியைக் கீறித் திறந்து தாங்களே வேறு பேஸ்ட் போடும் விபரீத விளையாட்டு அதில்தான் பரவியது. 2018-இல் ஒன்பதாம் தலைமுறையின் பெரிய மாடல்களில் பற்றவைப்பு திரும்பி வந்தது. 2021-இல் வந்த எல்ஜிஏ 1700 சாக்கெட்டின் பிடி, நீளமான பிராசஸரை நடுவில் அழுத்தி மூடியை லேசாக வளைப்பதாகக் கண்டுபிடித்து, பிடியையே மாற்றும் சட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். ரைசன் 7000-இலோ பழைய ஏஎம்4 சாக்கெட்டின் கூலர்கள் பொருந்த வேண்டும் என்று மூடியின் தடிமனைக் கூட்டினார்கள்; பணம் மிச்சமானது, சில டிகிரி கூடியது.

அறைச் சூடு என்ற ஒன்றை மறந்துவிட்டு இந்த எண்களைப் படிப்பவர்கள்தான் அதிகம். கூலர் என்பது பிராசஸரைக் குளிர்விப்பதில்லை. பிராசஸருக்கும் அறைக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் குறைக்கிறது. வாட்டுக்கு 0.2 டிகிரி என்ற திறனுள்ள கூலர், 125 வாட் சுமையில் தன் அடிப்பாகத்தை அறையைவிட 25 டிகிரி மேலே வைத்திருக்கும். அறை 21 என்றால் 46. அறை 35 என்றால் 60. அதற்கு மேலே பேஸ்ட், மூடி, சிலிக்கான் என்று ஒவ்வொரு அடுக்கும் தன் பங்கைச் சேர்க்கும். ஐரோப்பிய விமர்சகர்கள் சோதிப்பது 20, 22 டிகிரி அறைகளில். அதை மதுரையில், கத்திரி வெயிலில், ஏ.சி. இல்லாத மாடி அறையில் படிக்கிறவர் ஒவ்வொரு எண்ணோடும் பதினான்கு டிகிரியைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அப்படிச் சேர்த்தால் வரம்பை இடிக்கும் கூலர் அவருக்கு உதவாது, அங்கே எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும்.

சூடு ஆயுளைக் குறைக்குமா? குறைக்கும், ஆனால் சொல்லப்படும் அளவுக்கு நேரடியாக அல்ல. ‘பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதி’ என்ற வாய்பாடு மின்தேக்கிகளுக்கு நன்றாகப் பொருந்தும், மதர்போர்டிலும் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் அவை நிறைய உண்டு. பிராசஸருக்குள் நடப்பது வேறு. மெல்லிய உலோகக் கம்பிகளில் ஓடும் மின்னோட்டம் அணுக்களையே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் போகும். அதன் வேகத்தை மின்னோட்ட அடர்த்தியோடும் வெப்பத்தோடும் பிணைக்கும் சமன்பாட்டை ஜேம்ஸ் பிளாக் 1960-களின் இறுதியில் கொடுத்தார். வரம்பு என்று அச்சாகும் எண் இந்தக் கணக்கையும் பார்த்துத்தான் வைக்கப்படுகிறது. அண்மையில் பெரிதாக வெடித்த இரண்டு விவகாரங்களிலும் முதல் குற்றவாளி வோல்டேஜ். 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி பிராசஸர்கள் சில சாக்கெட்டோடு கருகியபோது, ‘எஸ்ஓசி’ வோல்டேஜை 1.3-க்கு மேல் போகாமல் பயாஸில் பூட்டினார்கள். 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிப் பிராசஸர்கள் நிலைகுலைந்தபோது, மிகையான வோல்டேஜ் காரணம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு மைக்ரோகோடை மாற்றியது. உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டியது. திரையில் டிகிரி எண்ணை மட்டும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இரண்டுமே முன்கூட்டித் தெரிந்திருக்காது.

ஆகவே சூட்டைக் குறைக்க விரும்புகிறவருக்கு மலிவான கருவி கடையில் இல்லை, பயாஸில் இருக்கிறது. வோல்டேஜின் வர்க்கக் கணக்கு இங்கே நமக்குச் சாதகமாக வேலை செய்யும். 7950எக்ஸை ஏ.எம்.டி.யின் ‘ஈகோ மோட்’ வழியாக 105 வாட் அல்லது 65 வாட் வகுப்புக்கு இறக்கலாம். வேகத்தின் கடைசிச் சில சதவீதத்தைப் பிடிக்கத்தான் வாட்டின் பெரும்பகுதி எரிகிறது. அதை விட்டுக்கொடுத்தால் சூடு பொத்தென்று விழும், வேகம் அந்த அளவு விழாது. பேஸ்ட் மாற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் இதைச் செய்து பார்க்கலாம்.

கடைக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் ஒன்று மிச்சம் இருக்கிறது. புதுக் கூலரின் அடித்தட்டில் கீறல் விழாமலிருக்க ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். மாட்டுவதற்கு முன் உரிக்கச் சொல்லி அதன் மேலேயே அச்சடித்திருப்பார்கள். அதை உரிக்காமல், அதன் மேல் பேஸ்ட் தடவி, திருகை இறுக்கி மாட்டிய கணினிகள் பழுதுக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. 2001-இன் அத்லானில் இப்படிச் செய்திருந்தால் சீக்கிரமே வம்பில் முடிந்திருக்கும். இன்றைய பிராசஸரோ வரம்பைத் தொட்டு, வேகத்தைக் குறைத்து, மெயிலும் எக்ஸலும் யூடியூபும் ஓட்டி, ஒரு புகாரும் சொல்லாமல் இரண்டு மூன்று வருடம் தள்ளிவிடும். உரிமையாளர் கடைக்கு வருவது ‘ஃபேன் சத்தம் ரொம்ப ஜாஸ்தியா இருக்குங்க’ என்று.